ஐஸ் அறையில் அக்காவின் கியர் சைக்கிள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவர்கள் அக்காவும் நானும்தான். அதில் அக்கா, கல்லூரியில் சேர்ந்த கையோடு, பனிமலையில் நடக்கும் சைக்கிள் பந்தயத்துக்கே தேர்வாகிவிட்டாள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போன அப்பாவுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியற்காலைதான். "நடுமலையில கியரு மாட்டிக்கினா இன்னா பண்ணுவ?" என்று அனுப்ப மறுத்தார்.

அக்கா அழவில்லை. பழவேற்காட்டில் சித்தப்பா வேலை செய்யும் ஐஸ் பேக்டரியில் சைக்கிளை வைத்துப் பார்த்துவிடலாம் என்றாள். கியர் மாறினால் போகலாம், மாறாவிட்டால் பேச்சே கிடையாது என்று அப்பா ஒப்புக்கொண்டார். குடும்பமே கிளம்பிப் போனோம்.

காலையில் ஐஸ் பாளங்களுக்கு நடுவே சைக்கிளை நிறுத்தினோம். மதியம் நான் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, அக்கா பெடலைச் சுற்றிக்கொண்டே கியரைத் தட்டினாள். அசையவில்லை. அப்பா வெளியே நடந்தார்.

அக்கா செயினைத் தடவினாள். விரலில் வெள்ளையாக ஒட்டியது. முகர்ந்து பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "இன்னாமா ஊத்துன இதுல?" என்றாள்.

"வெள்ளிக்கெழம சைக்கிளுக்குப் பொட்டு வெச்சேன். அப்டியே பளபளன்னு இருக்கட்டுமேன்னு தலைக்குத் தடவுற தேங்கா எண்ணெய கொஞ்சம் ஊத்துனேன்."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன் அண்ணி, சட பின்னி பூ வெச்சி உடலியா?"

அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். படகுக்காரரிடம் கேட்டு வாங்கிய மண்ணெண்ணெயில் செயினைத் தேய்த்துக் கழுவினாள். ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் உறைந்துவிடும் என்று வெயிலில் காயவைத்தாள். பிறகு தையல் மிஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டுத் துடைத்தாள். ஒரு மெக்கானிக்குக்குக்கூட அந்தப் பொறுமை வராது.

நெடுநேரம் ஐஸில் நிறுத்திவைத்து, சாயங்காலம் மறுபடி உள்ளே போனோம். டக், டக்கென்று கியர் மாறியது. நான் குதித்தேன்.

"இன்னொரு தபா," என்றார் அப்பா.

மாறியது. "இன்னொரு தபா."

அக்காவின் விரல்கள் சிவந்துவிட்டன. உதடு நடுங்கியது. "உடுண்ணா, புள்ள வெறச்சிப் பூடும்," என்றார் சித்தப்பா. அப்பா காதில் வாங்கவில்லை. அக்காவும் கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "பாருப்பா" என்று மாற்றிக் காட்டினாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற மனமில்லாமல், மாட்டிக்கொள்ளாதா என்று பார்க்கிறார் என எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. மாட்டிக்கொள்வதாக இருந்தால் தான் பக்கத்தில் நிற்கும்போதே மாட்டிக்கொள்ளட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.