குளியல் தொட்டியில் பார்லி

மத்தியானம் கல்யாணத்துக்குப் போக வேண்டும், குளிக்க இடமில்லை. கிரான்பர்னில் நான் தங்கியிருக்கும் வீட்டுக் குளியல் தொட்டியில் முளைவிட்ட பார்லி பரப்பிக் கிடக்கிறது. வீட்டுக்காரர் அன்ரன், மன்னார்க்காரர், பியர் காய்ச்சுவதற்காக நாலு நாளாக அதைக் கிளறிக்கொண்டிருக்கிறார்.

“எப்பதாங்க எடுப்பீங்க?” கத்தியேவிடுகிறேன்.

“இந்தா, எடுக்கிறன். ஓவனில வச்சுக் காயவிடவேணும். சூடு கூடினா முழுக்கப் பழுது. நான் கடைக்குப் போட்டு வாறன், ஒருக்காப் பாருங்கோ.”

பார்லியை அள்ளி ஓவனுக்குள் வைத்துவிட்டுக் கிளம்புகிறார். பார்க்கிறேன். சூட்டை இன்னும் குறைத்து வைப்போம் என்று ஓவன் குமிழைத் திருகிவிட்டுக் குளிக்க ஓடுகிறேன். வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் சமையலறை முழுக்கப் புகை. குமிழைக் கூட்டும் பக்கம் திருகியிருக்கிறேன்.

அன்ரன் வந்து ஓவனை அணைக்கிறார். கருகிய மணி ஒன்றை மென்று துப்புகிறார். என் ஈரத்தலையைப் பார்க்கிறார்.

“வடிவாக் குளிச்சியளோ?” என்று மட்டும் கேட்கிறார்.