காலியிடம் என்று குறித்த சரிவு

என் மகள் நகரப் புவியியல் படிக்கப் போகிறாள் என்று நான் சொன்னபோது ஏற்காட்டுக் கடைவீதியில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. எனக்கும் தெரியாது. தெரிந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

“ஏனுங்க, மழை வருமா வராதான்னு சொல்ற படிப்புங்களா?” என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

“அது வேறங்க. இது டவுன் எப்பிடி வளருது, எந்தப் பக்கம் வளருதுன்னு பாக்கற படிப்பு.”

“அதுக்கு எதுக்குங்க காலேஜு? எங் கடை வாசல்ல நின்னாலே தெரியுதே!”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னது என்னைப் பொறுத்தவரை அப்படியே உண்மை. நான் ஐந்தாம் வகுப்போடு சேலத்திலிருந்து மலையேறி வந்து, ஓட்டலில் டம்ளர் கழுவியவன். இன்றைக்கு ஏரிக்குப் போகிற ரோட்டில் மூன்று மாடி லாட்ஜ் என்னுடையது. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. அந்த இடத்தை நான் வாங்கிய காலத்தில் அது உண்ணிச்செடிப் புதர். “பாம்புக்கு லாட்ஜ் கட்டறாரு” என்று பேசினார்கள். நான் பார்த்தது வேறு. டூரிஸ்ட் பஸ் டிரைவர்கள் மலையேறி முடித்ததும் எங்கே வண்டியை ஓரங்கட்டி முதுகை நிமிர்த்துகிறார்கள், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து வந்த பெண்கள் முகம் கழுவ எந்தக் குழாயைத் தேடி நடக்கிறார்கள் என்று நின்று பார்த்தேன். அந்தக் குழாய்க்கு எதிரில் வாங்கினேன். என் முதல் கணக்கே தப்பவில்லை.

காலேஜில் சேர்ந்து முதல் லீவுக்கு வந்த மகள், சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: “ஏனுங்கப்பா, நீங்க குழாயடிய பாத்து எடம் வாங்குனீங்களே, அதத்தான் எங்க புஸ்தகத்துல ஒரு பாடமா வெச்சிருக்காங்க.”

அதை நான் சொல்லாத ஆள் கிடையாது. ரூம் கேட்டு வந்தவர்களிடம்கூடச் சொன்னேன்.

படித்து முடித்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. இந்தப் படிப்புக்கு வேலை எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. சொந்தக்காரர்கள் டீச்சர் வேலைக்குப் போகச் சொன்னார்கள், பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார்கள். அவள் எதற்கும் மசியவில்லை. “நம்ம மலையப் பத்தித்தாங்கப்பா வேல செய்யோணும்” என்று ஒரே பிடியாக இருந்தாள். கொஞ்ச காலம் சும்மா இருந்தாள். பிறகு, எங்கள் ஊருக்கு வளர்ச்சித் திட்டம் போடும் வேலையை எடுத்திருந்த ஒரு கம்பெனி அவளை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. வேலை பிடித்துப் போனால் நிரந்தரம் என்றார்கள்.

என் மகள் என் வீட்டிலிருந்து டிபன் டப்பா எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். இந்த ஊருக்கே வரைபடம் போடப் போனாள். டம்ளர் கழுவியவனுடைய மகள். நான் கடைவீதியில் நடந்த நடையை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

ஒரு நாள் லாட்ஜ் வரவேற்பு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து அந்த வரைபடத்தைக் காட்டினாள். கடைகள் சிவப்பு, வீடுகள் மஞ்சள், எஸ்டேட் பச்சை. என் லாட்ஜுக்குப் பின்னால் இறங்குகிற சரிவு மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது.

“இதென்ன கண்ணு, இங்க சாம்பல் பூசியிருக்குது?”

“காலியிடமுங்கப்பா. எனக்கு முன்னால வந்தவங்க எடுத்த கணக்கு.”

“காலியா? அங்க அத்தன ஊடு இருக்குதே!”

அவளுக்கும் அது தெரியும். என் லாட்ஜில் படுக்கைவிரிப்பு துவைக்கிற அம்மாவின் வீடே அந்தச் சரிவில்தான். ஜீப் டிரைவர்கள், சோளம் சுட்டு விற்பவர்கள், எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கப் போகிறவர்கள் என்று எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். வாழவந்தி, கொட்டச்சேடு, வெள்ளக்கடை என்று சுற்றுப்பட்டு மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கீழிருந்து கணக்கெடுக்க வந்த பிள்ளைகள் அவர்களிடம், “இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கிறீர்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் விடாமல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலைக்காகத் தங்கியிருக்கிறோம், வீடு ஊரில் இருக்கிறது என்றார்கள். எந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிறார்களோ அங்கேதான் அவர்களுக்கு வீடு. ஊரில் அந்த வீட்டுக்கு ஓடே இல்லாவிட்டாலும் சரி, இங்கே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குத் தாடி முளைத்தாலும் சரி, கணக்கு மாறாது. கீழிருந்து வந்த பிள்ளைகள் ‘தற்காலிகக் கொட்டகை’ என்று போட்டார்கள். அடுத்து மேஜையில் உட்கார்ந்தவர் ‘காலியிடம்’ என்று சுருக்கினார். காலியிடத்தில் கார் நிறுத்துமிடம் போடலாம் என்று திட்டம் வந்துவிட்டது.

மகள் மறுத்து எழுதினாள். கம்பெனி அதிகாரி மேலே வந்தார். என் லாட்ஜில்தான் தங்கினார். ஏரி தெரிகிற ரூமைக் கொடுத்தேன்.

“சார், உங்க பொண்ணு கெட்டிக்காரிதான்,” என்றார் அவர். “ஆனா வீடு இருக்குன்னு நாம பாத்தா போதாது. அங்க இருக்கறவங்க, நாங்க இங்கதான் குடியிருக்கோம்னு அவங்க வாயால சொல்லணும். வாங்கிட்டு வரட்டும், மாத்திடறேன். இல்லேன்னா உங்க பொண்ணை வேலையில வெச்சுக்கறது எனக்குக் கஷ்டம். மேல இருக்கறவங்களுக்கு அவசரம்.”

இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. “நானும் வர்றேன் கண்ணு. எம் பேச்ச அங்க யாரும் தட்டமாட்டாங்க,” என்றேன்.

துவைக்கிற அம்மாவின் வீட்டுக்குத்தான் முதலில் போனோம். வாசலில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். காப்பி வந்தது. மகள் விஷயத்தைச் சொன்னாள்.

“அக்கா, நீங்க இங்கதான் குடியிருக்கறீங்கன்னு சொன்னாப் போதுமுங்க. நான் எழுதிக்கறேன்.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். “ஏனுங்க மொதலாளி, எம் பையனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கறமுங்க. டவுனுக்காரங்கன்னு எழுதியாச்சுன்னா எங்க சனத்துல யாருங்க பொண்ணு குடுப்பாங்க?”

“அது வேற, இது வேற. இது கெவர்மெண்டுக்கு,” என்றேன்.

“கெவர்மெண்டுக்கு எழுதுனா ஊருக்குத் தெரியாமப் போயிருமுங்களா? அடுத்த கோயில் நோம்பிக்கு எங்ககிட்ட வரி வாங்கமாட்டேன்னுட்டா? நாளைக்கு நாஞ் செத்தா எங்கீங்க கொண்டுபோய்ப் பொதைப்பாங்க? உங்க லாட்ஜுக்குப் பின்னாலீங்களா?”

பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை.

“அக்கா, எழுதலீன்னா இந்த ஊடே இருக்காதுங்க. கார் நிறுத்தற எடம் ஆயிரும்.”

“அது வாரப்பப் பாத்துக்கலாம் சாமி. எத்தன பேரு வந்து அளந்துட்டுப் போனாங்க. நீ நொம்ப வெசனப்படாத, காப்பியக் குடி.”

பின்னாலிருந்து ஒரு ஜீப் டிரைவர் சத்தமாகவே சொன்னார்: “கார் வந்தா மொதலாளி லாட்ஜுதானப்பா ரொம்பும்? அவரே வந்து நம்மள இங்க இருக்கறோம்னு சொல்லுங்கறாரு. இதுல என்ன சூது இருக்குதோ!”

அதற்குமேல் எந்த வீட்டிலும் வாய் திறக்கவில்லை. எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள்.

நான் சும்மா விடவில்லை. இந்த மலையில் எனக்குத் தெரியாத ஆபீஸ் கிடையாது. ஒவ்வொன்றாகப் போனேன். அந்தச் சரிவில் கார் நிறுத்துமிடம் வேண்டாம் என்று சொன்னேன். கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். “உங்களுக்கு யோகந்தானுங்களே, நீங்களே வேண்டாம்னா எப்பிடீங்க?” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் கண்ணைச் சிமிட்டி, “வேற எடம் ஏதாவது வாங்கி வெச்சிருக்கறீங்களா?” என்றார். இடம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே இத்தனை காலம் சொல்லி வைத்த பேர். நான் கணக்குப் போடாமல் பேசுவேன் என்று ஒருவரும் நம்பவில்லை.

மகள் கடைசியில் தன் இஷ்டத்துக்குச் செய்தாள். சரிவு முழுவதற்கும் மஞ்சள் அடித்து, தான் போன ஒவ்வொரு வீட்டையும் புள்ளி வைத்து, அப்படியே அனுப்பினாள். மற்றவர்களுக்கெல்லாம் ஒப்பந்தத்தை நீட்டினார்கள், அவளுக்கு நீட்டவில்லை. புதிதாக வந்தவர் மஞ்சளைத் திரும்பவும் சாம்பலாக்கினார் என்று அவளுடைய சிநேகிதி ஒருத்தி போனில் சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டு, “செரி” என்று மட்டும் சொல்லி வைத்தாள். அன்றைக்கு அவளுடைய டிபன் டப்பாவை நான் கழுவி வைத்தேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

இப்போது அவள் பெங்களூரில் இருக்கிறாள். அதுவும் வரைபட வேலைதான். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து ரோடு, கூரை எல்லாவற்றுக்கும் கோடு இழுக்க வேண்டும். போன வாரம் வீடியோவில் பேசும்போது கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். வரிசை வரிசையாகக் கூரைகள். மரமே இல்லை.

“இது எந்த ஊரு கண்ணு?”

“தெரியாதுங்கப்பா. பேரு காட்டமாட்டாங்க. துண்டு துண்டாத்தான் குடுப்பாங்க.”

“அந்த ஊட்லெல்லாம் ஆளு இருக்காங்களா?”

அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, “அத யாரும் கேக்கறதில்லீங்கப்பா,” என்றாள். சூப்பர்வைசர் வருகிறார் என்று வைத்துவிட்டாள். திரும்பி வருவாயா என்று நான் கேட்க நினைத்திருந்தேன். வந்தால் இங்கே அவளுக்கு என்ன வேலை இருக்கிறது?

சரிவில் பாறைகளுக்குச் சிவப்புப் பெயிண்டில் குறி போட்டுவிட்டார்கள். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தால் கை கொடுக்கிறார். “எடம் பாக்கறதுல உங்கள அடிச்சுக்க முடியாதுங்க,” என்கிறார். அடுத்த சீசனுக்கு ரூம் பத்தாது என்று மாடி கட்டச் சொல்கிறார்கள். நான் கணக்கு போட்டுப் பார்த்தேன். கட்டினால் லாபம்தான். என் கணக்கு இப்போதும் தப்பாது.

இன்று காலை லாட்ஜுக்குப் பின்னால் அந்த அம்மா படுக்கைவிரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொடிக்கயிற்றின் ஒரு முனை எங்கள் சுவரில். மறுமுனை பெயிண்ட் அடித்த பாறைக்குப் பக்கத்து மரத்தில்.

“ஏனுங்க மொதலாளி, பாப்பா எப்பங்க வருது? அன்னைக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னமுங்க. பெயிண்டெல்லாம் அடிச்சிருக்காங்களே. பாப்பா வந்தாச் சொல்றோமுங்க, எழுதிக்கச் சொல்லுங்க.”

நான் தலையை ஆட்டினேன். அந்த அம்மா சமாதானமாகி அடுத்த விரிப்பை உதறினார்.