குஞ்சியப்பு சொன்ன ஓம்

கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை. தலையைக்கூட ஆட்டுவதில்லை. கூச்சம் ஒரு காரணம். மற்றது என் குஞ்சியப்பு.

குஞ்சியப்பு என் ஐயாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா. யார் எதைக் கதைத்தாலும் இடைக்கிடை "ஓம்" என்பார். ஊருக்கு ஓம் என்றால் ஆம், சம்மதம்; அவருக்கு அது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் நான் அவரிடம் சொல்வதே அந்த ஓமுக்காகத்தான். அது வராவிட்டால் எனக்குக் கதை ஓடாது.

ஊர்ப் பந்தடிச் சங்கத்தில் அவர் பின்வரிசையில் நின்று விளையாடுவார். போட்டிக்கு யார் இறங்குவது என்பதை, விளையாடுகிறவர்கள் எல்லாரும் புல்லில் வட்டமாக இருந்து சண்டை பிடித்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த வருடம், மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்த ஒருவர் தலைவரானார். நல்ல மனிதர். புதுப் பந்து வாங்கித் தந்தார். கூடவே, இனி ஆட்களைக் கமிட்டியே பார்த்துக்கொள்ளும், பின்னேரப் பயிற்சிக்கு நாள்தோறும் வராதவனுக்கு இடமில்லை என்ற கதையும் வந்தது.

புகையிலைத் தோட்டக்காரன் நாள்தோறும் எப்படிப் போவான்? தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற இறைப்பு நாளில் ஐயா கிணற்றுத் துலாவில் ஏறி மிதிப்பார், கீழே குஞ்சியப்பு பட்டை என்கிற ஓலை வாளியைப் பிடித்துத் தண்ணீரை ஊற்றுவார். ஒருவர் இல்லாவிட்டால் கன்று வாடிவிடும். சாவகச்சேரிக்காரரோடு ஆட்டம் வருகிறது. இடம் போய்விடுமோ என்று குஞ்சியப்புவுக்குச் சோறு இறங்கவில்லை. பாதியில் எழும்பி வாசல் படலையடிக்குப் போவார், திரும்பி வருவார், மறுபடியும் போவார்.

தோட்டக்காரப் பெடியன்கள் கூடிக் கதைத்தார்கள். இதை முடிவு செய்யப்போகிற வாசிகசாலைக் கூட்டத்தில் குஞ்சியப்பு எழும்பி மறுப்பது, மற்றவர்கள் அவர் சொன்னதையே சொல்வது என்று முடிவாயிற்று. வாய்க்காலில் நின்ற என்னைத் தலைவராக்கி அவர் ஒத்திகை பார்த்தார்.

"இனி ஆளைப் பாக்கிறது கமிட்டிதான். சரியோ?" என்பேன்.

"இல்லை. விளையாடுற எங்களையும் கேட்டுத்தான் செய்யவேணும்."

"பட்டையைப் பாரடா, தண்ணி வெளியிலை போகுது" என்று துலாவின் மேலிருந்து ஐயா சத்தம் போட்டார்.

கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். தலைவர் என்னைப் போல் கதைக்கவில்லை. மலாயாவில் தொடங்கினார். அங்கத்தைய மைதானங்கள், அங்கத்தைய ஒழுங்கு. ஒவ்வொரு வசனத்தையும் முடித்து, முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த குஞ்சியப்புவின் முகத்தைப் பார்ப்பார். குஞ்சியப்புவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. வாய் தன் பழக்கத்தைச் செய்துகொண்டிருந்தது.

"பந்து கிழிஞ்சால் தைப்பிக்கிறது ஆர்? கமிட்டி."

"ஓம்."

"வெளியூரோடை கதைச்சு ஆட்டம் ஒழுங்கு பண்ணுறதும் கமிட்டி."

"ஓம்."

"அப்ப, ஆரை இறக்கிறதெண்டும் கமிட்டியே பாக்கட்டுமன்."

"ஓம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "பிறகென்ன, தோட்டக்காரப் பெடியளும் ஓமெண்டிட்டினம்."

"என்னடாப்பா, உவன் ஓமெண்டிட்டான்" என்று பின்வரிசை வாங்கில் ஒரு குரல் முணுமுணுத்தது. குஞ்சியப்பு தலைவரோடு தனியாகக் கதைத்து ஏதோ முடித்துவிட்டாராக்கும் என்று நினைத்து, மற்றத் தோட்டக்காரப் பெடியன்களும் ஓம் என்றார்கள்.

குஞ்சியப்பு அப்போதுதான் எழும்பினார். "இல்லை, தலைவர் ஐயா, அது வந்து... கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்ட ஓம்."

வாசிகசாலை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"கேட்டாய்தானே தம்பி, அது போதும்" என்றார் தலைவர், அன்பாகவே.

கமிட்டி குஞ்சியப்புவை இறக்காத சாவகச்சேரி ஆட்டத்தன்று எங்களுக்கு இறைப்பு. மைதானத்துச் சத்தம் காற்றில் வரும்போதெல்லாம் பட்டை ஆடி, தண்ணீரில் பாதி வெளியே போயிற்று. அன்று ஐயா சத்தம் போடவில்லை.

நானோ, கூட்டத்தில் தலைவருக்கு அடுத்தபடி அதிகம் கதைத்தவர் எங்கள் குஞ்சியப்புதான் என்று பள்ளிக்கூடமெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அதை அவரிடமும் போய்ச் சொன்னேன். ஓம் வரவில்லை.

"கேக்கிறியளோ, குஞ்சியப்பு?"

"கேக்கிறன். நீ கதை."

கதைத்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு கேட்டார். என் கதை நன்றாக இல்லையாக்கும் என்று நினைத்து, அடுத்த நாள் அதைவிட நல்ல கதையாகத் தேடிக்கொண்டு போனேன்.