துபாஷியின் ‘நான்’

பிழைக்க வந்த வெளிநாட்டில், தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்குத் துபாஷி என்று பட்டப்பெயர். அந்நாட்டு மொழிக்கும் தமிழுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவள். அறையில் காதில் விழும் எதையும் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும். பேசுகிறவரின் ‘நான்’ அவள் வாயிலும் ‘நான்’ என்றே வர வேண்டும். சொந்தப் பேச்சு ஒரு சொல்லும் கூடாது.

அன்று எதிரே வந்து உட்கார்ந்தவர், அவள் முன்பு வேலை பார்த்த தையல் பட்டறையின் மேஸ்திரி. அந்தக் காலத்தில் அவளுக்கு அந்த மொழி சுத்தமாகத் தெரியாது. தடுப்புத் தகடு இல்லாத மிஷினில் விரல் மாட்டியபோது, அவளுக்காக முதலாளியிடம் பேசப் போனவர் இவர்தான். “தூங்கி விழுந்துட்டா” என்று சொல்லி அவள் வேலைக்கு உலை வைத்தார். பிறகு அது தெரியவந்த ஆத்திரத்தில்தான் அவள் அந்த மொழியைக் கரைத்துக் குடித்தாள்.

“இவரைத் தெரியுமா?” என்றார் அதிகாரி.

தெரியும் என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். “தெரியாது” என்றாள். மேஸ்திரிக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை.

இன்னொரு பெண்ணின் கை நசுங்கியதில் அவர் வேலை போயிருந்தது. அதைத் திரும்பக் கேட்டு வந்திருந்தார்.

“தகட்டைக் கழற்றச் சொன்னது யார்?” அதிகாரி கேட்டதைத் தமிழில் சொன்னாள்.

மேஸ்திரி அவள் பக்கம் சாய்ந்தார். “தங்கச்சி, நம்ம ஆளுன்னு உங்கிட்ட சொல்றேன். நான்தான் கழட்டச் சொன்னேன். அது இருந்தா வேலை ஓடாது. நீ பக்குவமா, முதலாளி சொன்னாருன்னு போட்டுடு.”

தங்கச்சியில் தொடங்கி ஒரு சொல் சிந்தாமல் அப்படியே சொன்னாள். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

பட்டறையில் பழகிய அரைகுறை மொழியில் மேஸ்திரிக்குப் பாதி புரிந்தது. “அடிப்பாவி! என்னத்தடி சொல்லித் தொலைச்ச?”

அதையும் அதே குரலில் மொழிபெயர்த்தாள்.

வெளியே, படிக்கட்டருகே வழிமறித்தாள். “தூங்கி விழுந்துட்டான்னு சொன்னீங்களே, அந்தப் பொண்ணு நான்தான்.”

மேஸ்திரி விழித்தார். “எந்தப் பொண்ணும்மா? அடிபட்ட எல்லாரையும் அப்படித்தானே சொன்னேன்?”

இத்தனை வருஷம் அவள் வளர்த்த பகையின் காரணம் அவருக்கு ஞாபகத்தில்கூட இல்லை. அவள் வழியை விடவில்லை.

“அப்ப எல்லாரையும் தேடிக் கூட்டிட்டு வர்றேன். வீட்டிலேயே இருங்க. போறதுக்குத்தான் இனி வேலை கிடையாதே!”