ஒஸ்டினின் பின்சீட்டில் கேட்ட மூச்சு

இது கட்டிவிட்ட கதை இல்லை. என் பெயர் அழகுமுத்து, ஹட்டனில் கராஜ் வைத்திருக்கிறேன். போன ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கே நடந்தது. அன்று நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.

கடைக்கார ராசிக் நானா தன் பழைய ஒஸ்டின் காரைக் கொண்டுவந்து விட்டிருந்தார். ஏற்றத்தில் என்ஜின் சூடேறினால் பெட்ரோல் பம்ப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். கார் நின்றுவிடும். பிறகு பொனட்டைத் திறந்து, பம்ப்பின் அடியில் இருக்கும் சின்ன லீவரைக் கையால் அடித்து அடித்துப் பெட்ரோல் ஏற்ற வேண்டும்.

"கரண்டு பம்ப் போட்டுருங்க தம்பி. இனி இது எங்கயும் நிக்கக் கூடாது" என்றார்.

பழைய பம்ப்பைக் கழற்றி மேசையில் வைத்தேன். அது இருந்த ஓட்டையைத் தகடு வைத்து மூடினேன். புது பம்ப்பைப் பின்னால், பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் பூட்டினேன். சாவியைத் திருப்பியதும் 'டிக்... டிக்... டிக்' என்று ஓடியது.

மாலை 4.35. ஓட்டிப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். டிக்கோயாப் பக்கம் போகும் தோட்டத்து ஏற்றம். பனி இறங்கியிருந்தது. கார் முக்காமல் ஏறியது.

4.52. பின்னால் ஒரு விசில் சத்தம். 'ஈ...ங்... ஈ...ங்...' பம்ப் காற்று இழுக்கிறது என்று நினைத்தேன். ஒரு வளைவில் நிறுத்திச் சாவியை அணைத்தேன்.

டிக் டிக் நின்றது.

விசில் நிற்கவில்லை.

அது மூச்சு... மூச்சிழுப்பு வந்த குழந்தை திணறுகிற சத்தம். பின்சீட்டிலிருந்து.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அப்போது முன்னால், பொனட்டுக்குள்...

'கிளக். கிளக். கிளக்.'

கையால் லீவரை அடிக்கும் சத்தம். அந்தப் பம்ப் ஹட்டனில் என் மேசையில் கிடக்கிறது!

வேகமாக... இன்னும் வேகமாக...

"அப்பா... ஆஸ்பத்திரி வந்துருச்சா?"

என் காதுக்குப் பின்னால்.

இறங்கி ஓடியிருப்பேன். ஆனால் எனக்கும் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். எப்படி வாய் வந்ததோ...

"இந்தா போயிறலாம் தங்கம்."

சாவியைத் திருப்பினேன். என்ஜின் பிடித்தது. டிக்கோயா ஆஸ்பத்திரி வாசல்வரை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

5.16. பின்கதவு தானாகத் திறந்தது. மூச்சுச் சத்தம் போய்விட்டது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து வெகுநேரம் அழுதேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

ராசிக் நானா பிறகுதான் சொன்னார். முன்பு அந்தக் காரை வாடகை ஹயருக்கு ஓட்டியவர் கந்தப்பன். அவர் மகள் லோஜினிக்கு அப்போது ஒன்பது வயது. ஆறு வருடத்துக்கு முன், மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், அதே வளைவில் கார் நின்றுவிட்டது. கந்தப்பன் லீவரை அடித்துக்கொண்டே இருந்தாராம். கடைசியில் என்ஜின் பிடித்தபோது, பின்சீட்டில் சத்தம் இல்லை.

"கந்தப்பன் எப்ப செத்தாரு நானா?"

"செத்தாருன்னு யாரு சொன்னது? இப்ப கந்தப்பளை ஊர்ல இருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு லயத்துக் காம்பராவில் கந்தப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். நடந்ததை நான் சொல்லவில்லை. அவர் மனைவி பேச்சியம்மாதான் பேசினார்.

"புள்ள போனதுலேருந்து இவரு சரியாத் தூங்குனதே இல்லீங்க தம்பி. வெள்ளிக்கெழம சாயந்தரம் திடீர்னு எந்திரிச்சு உக்காந்தாரு. 'பேச்சி, புள்ளைய ஆஸ்பத்திரியில சேத்தாச்சு'ன்னாரு. அப்ப படுத்தவருதான்."

தூங்குகிறவரின் வலது கையை மெல்லத் தூக்கிக் காட்டினார்.

"ஆறு வருசமா காரையே தொடாத மனுசன். ரெண்டு நாளா சவுக்காரம் போட்டுக் கழுவுறேன். இந்தப் பெட்ரோல் வாசன போகமாட்டேங்குது."