கேரியர் சின்னையன்

“சித்தெ மெதுவா மிதிங்க குப்பண்ணா, நா இப்பப் பொம்பளையாக்கும்” என்று சொல்லிக்கொண்டே, கொழிஞ்சாம்பாறைக் கடைவீதி நடுவே, இரண்டு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிட்டுக் கேரியரில் உட்கார்ந்து போகிறார் சின்னையன். எண்பது கிலோ உடம்பு, முறுக்கிய மீசை, மடித்துக் கட்டிய வேட்டி. முன்னால் மிதிக்கிற வாடிக்கையாளர் குப்பண்ணனுக்கு மூச்சு வாங்குகிறது. பின்னால் இருப்பவர் முகத்தில் ஆழ்ந்த யோசனை. கடைவீதிக் கோடி வரை போய்த் தம் சைக்கிள் கடைக்குத் திரும்பியதும் இறங்கி, இடுப்பைத் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்: “எடது பக்கம் கம்பி உறுத்துதுங்க. தோட்டம் போய்ச் சேர்றதுக்குள்ள உங்கூட்டுக்காரம்மா உங்களைத் திட்டியே தீத்துருவாங்க.”

வாடகை சைக்கிள், பஞ்சர், காற்றடிப்பது எல்லாம் அவர் கடையிலும் உண்டு. ஆனால் உயிர் கேரியரில். புது சைக்கிள் வந்து நின்றால் ஊரே முன்னால் நின்று பெல்லடித்துப் பார்க்கும். அவர் நேரே பின்னால் போய்க் குந்திவிடுவார். இரண்டு கம்பியை விரலால் சுண்டுவார். “இதைச் செஞ்சவனுக்குக் கல்யாணமே ஆகுலீங்க. நெல்லு மூட்டைக்குன்னு செஞ்சிருக்கறான். மூட்டை சேலை கட்டுதா? மூட்டைக்குக் காலு தொங்குதா?” என்பார்.

அதனால் அவர் கைக்கு வந்த சைக்கிள் வந்தபடியே திரும்பிப் போவதில்லை. கேரியர் இன்னும் நாலு விரல் அகலமாகும். இலவம்பஞ்சுத் திண்டு ஒன்று வரும். பாதம் வைக்க ஒரு பலகை, சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கக் கயிற்று வலை. சீட்டுக்கு அடியில் வளைத்த கம்பி ஒன்று இருக்கும். புருஷன் இடுப்பைப் பிடிக்கக் கடைவீதியில் கூச்சப்படுகிறவர்கள் பிடித்துக்கொள்வதற்கு. அதைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்கே கூச்சம் வந்துவிடும், “அது சும்மா ஒரு கம்பிங்க” என்று பேச்சை மாற்றுவார்.

அளவெடுப்பதுதான் பெரும்பாடு. வீட்டம்மாவைக் கூட்டிவரச் சொன்னால் ஆண்கள் நெளிகிறார்கள். “செரி, நில்லுங்க. உங்க காது மட்டம் இருப்பாங்களா, தோளு மட்டமா?” என்று பென்சிலோடு கேட்பார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷமான மனிதர்கள், தோளைத் தொடுவதும் காதைத் தொடுவதுமாக விழிப்பார்கள். “ஊட்டுக்குப் போயி நல்லாப் பாத்துட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவார். பள்ளிக்கூடத்து மலையாள மாஷ் ஒருநாள் எட்டிப் பார்த்து, “எந்தா சின்னையா, இது சைக்கிளோ கட்டிலோ?” என்றார். மறுமாதம் அவரும் ஒரு திண்டு போட்டுக்கொண்டார். டபுள்ஸ் போகிறவர்களைப் பிடித்துக் கேஸ் எழுதுகிற ஏட்டும் போட்டுக்கொண்டார்; கேஸ் எழுதுவதை மட்டும் விடவில்லை.

இப்படி ஊர்ப் பெண்களெல்லாம் சுகமாக உட்கார்ந்து போக, ஒருத்தி மட்டும் உட்காரவில்லை. அவருடைய மனைவி பழனாத்தாள்.

எட்டு வருஷத்துக்கு முன் சந்தையிலிருந்து அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு திரும்பினார் சின்னையன். அப்போது கடையெல்லாம் கிடையாது. எருமை வாங்கலாமா வேண்டாமா என்று பேச்சு. வாய்க்கால் பாலத்துக் குழியில் சைக்கிள் ஒரு துள்ளுத் துள்ளியது. அவர் பேசிக்கொண்டே ஒரு மைல் வந்தார். வீட்டு வாசலில் இறங்கி, “அப்ப வாங்கீரலாமா?” என்று கேட்டார். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, முழங்கால்வரை சேறோடு, காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு பழனாத்தாள் நடந்து வந்தாள். முதலில் அவருக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தாள். பிறகு மரியாதை குறையாமல் சொன்னாள்: “இனி உங்க சைக்கிள்ல நா உக்கோர மாட்டனுங்க.”

அன்றைக்குப் பிறகு அவளுக்கு எங்கே போவதானாலும் பஸ்தான். சின்னையன் செய்த ஒவ்வொரு கேரியரும் அவள் அளவில் செய்ததுதான். பிறகுதான் வந்தவர்களுக்குத் தக்கபடி கூட்டிக் குறைப்பார். அவள் ஒருதரம் ஏறி உட்கார்ந்துவிட மாட்டாளா என்கிற ஏக்கம் அந்த மீசைக்காரருக்கு எப்போதும் உண்டு.

போன புதன்கிழமை, வேலந்தாவளத்தில் அவள் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். பூவும் பழமும் கொண்ட தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் பெரியம்மா பழனாத்தாள். முகூர்த்தம் பதினொன்றரைக்கு. கடைக்கு எதிரே ஒன்பது மணியிலிருந்து பஸ்ஸுக்காக நிற்கிறாள். நெருக்கடி நிலையில் ரயில்கள்கூட நேரத்துக்கு ஓடுவதாகப் பேப்பரில் போடுகிறார்கள். வேலந்தாவளம் பஸ்ஸுக்கு யாரும் பேப்பர் படித்துக் காட்டவில்லை. மணி பத்தேகாலானது. சின்னையன் தம் சைக்கிளை வெளியே எடுத்து நிறுத்தி, திண்டை மூன்று தரம் துடைத்தார். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

அவளே ரோட்டைத் தாண்டி வந்தாள். “வழியில பேசப்படாதுங்க.”

“செரி.”

“செரின்னும் சொல்லப்படாதுங்க.”

அவர் வாயை மூடிக்கொண்டார். அவரைப் போன்ற வாயாடிக்கு அது ஏற்றத்தில் மிதிப்பதைவிடச் சிரமம். பலகையில் அவள் பாதம் பொருந்தியதா, கம்பி உறுத்துகிறதா, ஒன்றும் கேட்க முடியவில்லை. அதே வாய்க்கால் பாலம் வந்தது. ஏற்றத்தில் சைக்கிள் நடைவேகத்துக்கு வந்தபோது, பின்னால் இருந்த பாரம் சட்டென்று இல்லாமல் போனது.

சின்னையனுக்கு உயிரே போய்விட்டது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தார். இரண்டு காலையும் ஊன்றினார். நாலு முழம்கூடத் தாண்டவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை, பேசவும் அனுமதி இல்லை.

“நா உளுகுலீங்க” என்றது பின்னாலிருந்து குரல். “நானேதான் எறங்குனனுங்க. நிக்கறீங்களான்னு பாத்தனுங்க.”

அவள் சேலையை உதறினாள். கொசுவத்தைச் சரிசெய்தாள். அவசரமே இல்லாமல் வந்து ஏறி, பலகையில் பாதங்களை வைத்து, அவர் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அந்நேரம் பார்த்து, பாலத்தை அடைத்து நின்ற சைக்கிளுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது வேலந்தாவளம் பஸ். கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்: “அக்கா, வாங்க வாங்க, எடம் கெடக்குது!”

பழனாத்தாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னையன் ஓரமாக ஒதுங்கியதும், இன்னொரு கையை நீட்டி, மாட்டு வண்டிக்கு வழிவிடுகிற மாதிரி, பஸ்ஸை முன்னால் போகச் சொன்னாள்.