பார்க்காத வகுப்புக்கு இருபது கையெழுத்து

பத்து நாளைக்கு முன் ஒரு ரெக்கார்டு நோட்டில் என்னைப் பற்றிப் படித்தேன். அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

கொல்லிமலையில், வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். இந்த வருஷம் 'வழிகாட்டி ஆசிரியர்' என்று கூடுதலாக ஒரு கிரீடம். பி.எட். படிக்கும் சௌந்தர்யா காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறாள், என்னிடம் தொழில் பழக.

எப்படிப் பழக்கினேன்?

"அட்டெண்டன்ஸ் எடுத்துடு கண்ணு."

"அந்த மார்க்கையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திடு கண்ணு."

"ஏழாம் வகுப்பைப் பாத்துக்க கண்ணு, டீ குடிச்சிட்டு வாரேன்."

இதற்குப் பெயர் பயிற்சி!

அன்று அவள் கையெழுத்துக்காக நோட்டை நீட்டினாள். மறுநாள் காலேஜில் கொடுக்க வேண்டுமாம். மளமளவென்று போட்டுக்கொண்டே வந்தவள், ஒரு பக்கத்தில் நின்றேன். என் வகுப்பைக் கவனித்து அவள் எழுதிய பக்கம்.

'ஆசிரியர் கேள்வி கேட்கிறார். மாணவர்கள் யோசிப்பதற்குள் அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். பின்பெஞ்ச் மாணவி இருமுறை கை தூக்கினாள். ஆசிரியர் பார்க்கவில்லை.'

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்... கோபம் ஜிவ்வென்று ஏறியது.

"ஏம்மா, இதையா காலேஜுக்குக் கொண்டுபோவே? மாத்தி எழுது."

"மாத்திடறேனுங்க மேடம்." நோட்டை வாங்கிக்கொண்டாள். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "அப்ப... நீங்களும் ஒண்ணை மாத்தோணுமுங்களே. என் கிளாஸைப் பார்த்ததா இருபது கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒருநாள்கூட வரலீங்களே?"

தன் இன்டெர்னல் மார்க் என் கையில் என்று தெரிந்தே ஒரு பெண் இப்படிக் கேட்கிறாள். எனக்கு அவள் வயதில் அந்தத் தைரியம் இருந்ததா? இப்போதாவது இருக்கிறதா?

"மாத்த வேண்டாம். அப்படியே இருக்கட்டும். நட, உன் கிளாஸுக்கு."

ஏழாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெருக்கினா பெருகத்தானே வேணும்? அரையை அரையால பெருக்கினா ஏன் கால் ஆகுது?" என்று கேட்டுவிட்டு சௌந்தர்யா சும்மா நின்றாள்.

எனக்கோ நாக்கு நமநமவென்கிறது. பதில் தொண்டை வரை வந்துவிட்டது. சௌந்தர்யா என்னைப் பார்த்தாள் – வாயை மூடிக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை மெதுவாக எழுந்தது. ஜோதிமணி. வருஷம் முழுக்க என் வகுப்பில் வாய் திறக்காதவள்.

"பாதிப் பலாப்பழம்... அதுல பாதியைச் சித்தி ஊட்டுக்குக் குடுத்தா, கால் பழந்தானுங்க டீச்சர்?"

கையைத் தட்டினேன். வெட்கமாகவும் இருந்தது. அந்தப் பிள்ளை எத்தனை தடவை கை தூக்கி இறக்கியிருக்கும்?

அன்று போட்டதுதான் நான் பார்த்துப் போட்ட முதல் கையெழுத்து.

நோட்டு காலேஜிலிருந்து நேற்றுத் திரும்பி வந்தது. என் வண்டவாளம் எழுதியிருந்த பக்கத்தில், பேராசிரியரின் பச்சை மையில் ஒரே ஒரு குறிப்பு –

'மார்ஜின் கோடு நேராக இல்லை.'